12 வயது மகளின் முதல் எல்க் வேட்டை: உதை குறைந்த ரைஃபிள் தோட்டா எது?

ஆஸ்பென்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொலராடோவின் வடமேற்கில், மீக்கர் என்ற ஊரைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில் பெண் எல்க் (பெரிய மான் வகை) ஒன்றை வேட்டையாடுவதற்கான உரிமம் இந்த ஆண்டுக் குலுக்கலில் என் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. பருவம் தொடங்குவதற்கு முன்பே அவளுக்கு 12 வயது நிறைந்துவிடும். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். எடை 38 கிலோ. வயதுக்குச் சற்றுச் சிறிய உடல்வாகு. மிகச் சிறிய தோட்டா போடும் .22 ரைஃபிளைப் பதற்றமில்லாமல் கையாளுகிறாள், சொன்னதைக் கேட்கிறாள், அவசரப்படுவதில்லை.

என்னிடம் இருப்பது .30-06 என்ற பெரிய தோட்டாவுக்கான ரைஃபிள். அதன் உதையை (சுடும்போது துப்பாக்கி பின்னால் இடிப்பதை) அவள் தோளில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் விசாரித்தபோது ஒருவர் .243 போதும் என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், எல்க்குக்கு.300 மேக்னத்துக்குக் கீழே எதையும் எடுத்துச் செல்லக்கூடாது என்று உறுதியாகச் சொன்னார். நாங்கள் போகும் இடம் ஆஸ்பென் தோப்புகளும் ஓக் புதர்களும் நிறைந்த சரிவு. அங்கே பெரும்பாலும் 100 முதல் 250 கஜத்துக்குள்தான் விலங்கு கண்ணில் படும். குழந்தைக்கும் பொருந்த வேண்டும், விலங்குக்கும் துன்பம் நேரக்கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

மேற்குச்சரிவு எழுதியது:

தம்பி, முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். கொலராடோவில் எல்க்குக்கு ரைஃபிளின் விட்டம் குறைந்தது 6 மி.மீ. இருக்க வேண்டும், குண்டு விரியும் வகையாகவும் 85 கிரெயினுக்கு (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) குறையாததாகவும் இருக்க வேண்டும், தயாரிப்பாளர் தரும் கணக்குப்படி 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் அதனிடம் மிஞ்சியிருக்க வேண்டும். 100 கிரெயின் குண்டு போட்ட .243 இந்த மூன்றையும் தாண்டிவிடுகிறது. ஆகவே கடைக்காரர் சொன்னது சட்டப்படி தவறில்லை. மற்றவர் சொன்னதற்குச் சட்டத்திலும் ஆதாரமில்லை, இந்த மலையிலும் ஆதாரமில்லை. மேக்னங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே எல்க் விழுந்துகொண்டுதான் இருந்தது.

உதையைப் பற்றி ஆளுக்கொரு பேச்சுப் பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது. குண்டின் எடை, அதன் வேகம், வெடிமருந்தின் எடை, ரைஃபிளின் எடை ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 7.5 பவுண்டு எடையுள்ள ஒரு ரைஃபிளுக்கு நான் போட்ட கணக்கில், 100 கிரெயின் .243 சுமார் 10 அடி-பவுண்டு உதைக்கிறது, 6.5 கிரீட்மோரும் 7 மி.மீ.-08 ரெமிங்டனும் 14, 15 என்ற அளவில் நிற்கின்றன, 150 கிரெயின்.308 சுமார் 17. 180 கிரெயின் குண்டோடு உங்கள்.30-06 சுமார் 24; .300 வின்செஸ்டர் மேக்னம் 32ஐத் தொடுகிறது. 38 கிலோ குழந்தையின் தோளில் 24ஐயும் 32ஐயும் வைப்பதைப் பற்றி நாம் பேசவே வேண்டியதில்லை.

பலர் கவனிக்கத் தவறும் ஒன்று ரைஃபிளின் எடை. ஒரே தோட்டாவை 8 பவுண்டு ரைஃபிளிலிருந்து 6 பவுண்டு ரைஃபிளுக்கு மாற்றினால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். குழந்தைக்காக என்று வாங்கப்படும் ரைஃபிள்கள் பெரும்பாலும் குட்டையாகவும் இலேசாகவும் இருப்பதால், உதை குறைந்த தோட்டாவைத் தேடித் தேர்ந்தெடுத்த பலன் அங்கேயே கரைந்துபோகிறது. மலையில் துப்பாக்கியை நீங்கள் சுமக்கலாம்; சுடும்போது மட்டும் அவள் வாங்கிக்கொள்ளட்டும். ஆகவே எடையைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

என் தேர்வு 7 மி.மீ.-08. 1952இல் வந்த .308இன் கூட்டை (வெடிமருந்து அடங்கும் உலோக உறை) எடுத்துக் கழுத்தைச் சுருக்கி, ரெமிங்டன் நிறுவனம் 1980இல் சந்தைக்குக் கொண்டுவந்த தோட்டா இது. 1955இல் வந்த .243உம் அதே கூட்டிலிருந்து பிறந்ததுதான். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 140 கிரெயின் குண்டை வினாடிக்கு 2,800 அடி வேகத்தில் அனுப்புகிறது. 200 கஜத்தில் சுமார் 1,800 அடி-பவுண்டு மிஞ்சுகிறது. நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1907இல் பரிசாகப் பெற்ற ரிக்பி ரைஃபிள், ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும் பழைய 7×57 தோட்டா வகையைச் சேர்ந்தது. புலியும் எல்க்கும் ஒன்றல்ல என்றாலும், இந்த அளவுத் தோட்டாவை யாரும் விளையாட்டுப் பொருளாகக் கருதியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பனிப்பாதை எழுதியது:

மேற்குச்சரிவு ஐயாவின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே கணக்கு .243இன் பக்கமும் பேசுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 10க்கும் 15க்கும் இடையிலுள்ள தூரம் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. .22 தவிர வேறெதையும் சுட்டிராத ஒரு குழந்தைக்கு அது ஒன்றரை மடங்கு. என் இரு பிள்ளைகளும் தங்கள் முதல் பெண் எல்க்கை .243ஆல்தான் வீழ்த்தினார்கள். இரண்டு முறையும் விலங்கு பக்கவாட்டில் நின்றது, தூரம் 150 கஜத்துக்குள் இருந்தது, குண்டு இரு நுரையீரல்களையும் கடந்தது. பார்வையை விட்டு மறைவதற்குள் விலங்கு விழுந்துவிட்டது.

குண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மான் வேட்டைக்கென்று மலிவாக விற்கும் மெல்லுறைக் குண்டை எல்க்கின் மேல் அனுப்பக்கூடாது. விலா எலும்பில் பட்டதும் அது சிதறி, மேலோட்டமான காயத்தோடு நின்றுவிடும். நாங்கள் பயன்படுத்தியது 100 கிரெயின் நாஸ்லர் பார்டிஷன். ஜான் நாஸ்லர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு காய்ந்த தோலோடு நின்ற மூஸ் என்னும் பெரிய மான் ஒன்றைச் சுட்டபோது அவருடைய குண்டுகள் உள்ளே போகாமல் சிதறின. அதற்குத் தீர்வாகத்தான், நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி கட்டாக உள்ளே போகும்படி இந்தக் குண்டை அவர் அமைத்தார். சிறிய விட்டத்தில் பெரிய விலங்கை நாடுவோருக்கு அந்தப் பின்பாதிதான் துணை.

மேற்குச்சரிவு எழுதியது:

உங்கள் பிள்ளைகளின் வேட்டை முறையானது, தாயே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அஞ்சுவது விலங்கு பக்கவாட்டில் நிற்காத நேரத்தைப் பற்றி. விசையை அழுத்தும் கணத்தில் அது அரை அடி முன்னே வைத்துத் திரும்பினால், குண்டு தோள் எலும்பைச் சந்திக்கும். அல்லது வயிறு நிறைய மேய்ந்த புல்லைத் தாண்டி நெஞ்சுக்குப் போக வேண்டியிருக்கும். பெண் எல்க் சுமார் 225 கிலோ உடல். .243இன் 100 கிரெயின் குண்டு 200 கஜத்தில் சுமார் 1,300 அடி-பவுண்டோடு போய்ச் சேர்கிறது. எல்க்குக்கு 1,500 வேண்டும் என்பது பழைய வேட்டைக்காரர்களின் கைக்கணக்கு. அது சட்டமும் அல்ல, அறிவியலும் அல்ல. இருந்தாலும் அந்தக் கைக்கணக்குப்படி .243இன் எல்லை 150 கஜத்தோடு முடிகிறது, 7 மி.மீ.-08இன் எல்லை 300 வரை போகிறது.

.243 அனுபவசாலியின் கையில் நன்றாக வேலை செய்யும். ஏனென்றால் எப்போது சுடக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தெளிவு ஒரு குழந்தைக்கு முதல் வேட்டையிலேயே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உதை அவளைக் கலைக்காத எல்லைக்குள் எவ்வளவு பெரிய தோட்டா கிடைக்கிறதோ, அதைக் கொடுக்க வேண்டும். அதற்கு ஓர் அங்குலம் மேலே போனாலும் தவறு, ஓர் அங்குலம் கீழே நின்றாலும் தவறு.

வடதிசையன் எழுதியது:

வணக்கம். நான் இருப்பது ஸ்வீடனின் வடபகுதியில். எங்கள் ஊரில் எல்க்குக்கு ஈடான விலங்கு மூஸ், உங்கள் எல்க்கைவிடப் பெரியது. 1894ஆம் ஆண்டுக்குரிய 6.5×55 தோட்டாவால் இன்றும் இங்கே ஏராளமானோர் மூஸ் வேட்டையாடுகிறார்கள். இங்குள்ள சட்டம் குண்டின் எடையையும் ஆற்றலையும் சேர்த்துப் பார்க்கிறது. குண்டு 10 கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் 100 மீட்டரில் 2,000 ஜூல் போதும். 9 கிராமுக்கும் 10 கிராமுக்கும் இடையில் இருந்தால் 2,700 ஜூல் வேண்டும். எடை கூடிய, நீண்ட குண்டு மிதமான வேகத்தில் போனாலும் ஆழமாக ஊடுருவும் என்ற நீண்டகால அனுபவம்தான் அந்த எண்களுக்குள் இருக்கிறது. அதனால்தான் 10 கிராமைச் சற்றே தாண்டும் 156 கிரெயின் குண்டு போட்ட 6.5×55 இங்கே பெரிய விலங்குக்குரிய முதல் வகுப்பில் இடம்பெறுகிறது.

2007இல் வந்த 6.5 கிரீட்மோர் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் 6.5×55ஐவிட அதற்கே தோட்டா எளிதாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். 140 கிரெயினைச் சுற்றியுள்ள உறுதியான குண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 7 மி.மீ.-08க்கும் அதற்கும் விலங்கு வேறுபாடு காணாது.

இலக்குமேடை எழுதியது:

சிறுவர் சிறுமியருக்குச் சுடுதல் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் இதில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். தோட்டாவின் பெயரை முடிவு செய்வதற்கு முன், மகளை ரைஃபிளோடு நிற்க வைத்து அளவெடுங்கள். பெரியவர்களுக்கான ரைஃபிளில் விசையிலிருந்து, தோளில் ஊன்றும் கட்டையின் கடைசிவரை சுமார் 13.5 அங்குலம் இருக்கும். 38 கிலோ குழந்தைக்கு 12 அல்லது 12.5 அங்குலம்தான் பொருந்தும். கட்டை நீளமாக இருந்தால் அவள் உடலைப் பின்னால் சாய்த்துத் தலையை முன்னே நீட்டுவாள். கட்டையின் அடிப்பகுதி தோளின் குழியில் அமராமல் கைச்சதையின் மேல் ஏறிவிடும், கண் ஸ்கோப்பை ஒட்டி நிற்கும். அந்த நிலையில் .243 சுட்டாலும் வலிக்கும்; புருவத்தில் ஸ்கோப்பின் விளிம்பு பட்டு ரத்தமும் வரும். ஒருமுறை அப்படி நடந்த குழந்தையைத் திரும்ப ரைஃபிளுக்கு அழைத்துவர மாதக்கணக்கில் பொறுமை வேண்டியிருக்கும். கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் துண்டுகளோடு வரும் ரைஃபிள்கள் இப்போது பல இருக்கின்றன. அவள் வளர வளரத் துண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஓசை. குழந்தைகள் உதைக்கு அஞ்சுவதாக நாம் நினைக்கும் பல நேரங்களில் அவர்கள் அஞ்சுவது ஓசைக்குத்தான். இந்த வகை ரைஃபிள்களின் வெடியோசை 150 டெசிபலைத் தாண்டும். 140ஐத் தாண்டினால் ஒரே வெடி போதும், செவிக்குச் சேதம் வரலாம். சுடுதளத்தில் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் காதுக்கவசமும் சேர்த்துப் போடுங்கள். வேட்டையில், மெல்லிய பேச்சைக் கேட்கவிட்டு வெடியோசையை மட்டும் அடக்கும் மின்னணுக் காதுக்கவசம் நல்லது. குழல் முனையில் பொருத்தும் மசில் பிரேக் உதையை உண்மையிலேயே குறைக்கும். ஆனால் ஓசையைப் பக்கவாட்டில் திருப்பி, சுடுபவருக்கும் அருகில் இருக்கும் உங்களுக்கும் அதைக் கூட்டிவிடும் என்பதால் குழந்தையின் ரைஃபிளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஓசை அடக்கியைக் கொலராடோவில் வேட்டைக்குப் பயன்படுத்தலாம். அது ஓசையையும் உதையையும் சேர்த்தே குறைக்கும்.

அவள் அஞ்சுகிறாளா என்பதை அவளிடம் கேட்டு அறிய முடியாது. "இல்லை" என்றுதான் சொல்வாள். அவள் பார்க்காதபோது நீங்களே தோட்டாக்களை நிரப்பி, இடையில் ஒரு வெற்றுத் தோட்டாவைச் சேர்த்துவிடுங்கள். விசை அழுந்தி வெறும் "டக்" என்ற சத்தம் வரும் கணத்தில் குழல் முனையை மட்டும் பாருங்கள். அசையாமல் நின்றால் அந்தத் தோட்டா அவளுக்குப் பொருந்துகிறது. முனை கீழே குதித்தால், வெடிக்கு முன்பே உடல் உதையைத் தடுக்க முயல்கிறது என்று பொருள். அன்றைக்குப் பெரிய ரைஃபிளை உறையில் வைத்துவிட்டு .22ஐக் கையில் கொடுங்கள். எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

ஆஸ்பென்தோப்பு எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. இலக்குமேடை அக்கா சொன்னபடி இன்று மாலையே அளவெடுத்தேன், 12.25 அங்குலம் வருகிறது. என் .30-06இன் கட்டை அவளுக்கு எந்த வகையிலும் பொருந்தாது என்பது அத்தோடு முடிவாகிவிட்டது.

இன்னொரு கேள்வி. உதை குறைக்கப்பட்ட தோட்டாக்கள் என்று கடையில் தனியாக விற்கிறார்கள். அவற்றைப் போட்டே பயிற்சியும் வேட்டையும் செய்யலாமா?

கிரெயின்கணக்கு எழுதியது:

பயிற்சிக்குத் தாராளமாகச் செய்யலாம். வேட்டைக்குத் தூரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அந்தத் தோட்டாக்களில் வழக்கத்தைவிட இலேசான குண்டையோ, குறைந்த வேகத்தையோ, இரண்டையுமோ வைத்திருப்பார்கள். விரியும் குண்டுகள் விரிவதற்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று தேவை. பல குண்டுகளுக்கு அது வினாடிக்கு 1,800 அடியைச் சுற்றி இருக்கிறது, முழுச் செம்புக் குண்டுகள் சிலவற்றுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். மெதுவாகப் புறப்படும் குண்டு அந்த எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடும். 100 கஜத்தில் நன்றாக விரியும் அதே குண்டு 250 கஜத்தில் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடலாம்.

நான் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்புகிறவன். இளையோருக்கென்று ஒரு நல்ல வழி உண்டு. ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் எச்-4895 வெடிமருந்துக்கு, கையேட்டில் அந்தக் குண்டுக்கு அச்சிட்டிருக்கும் உச்ச அளவை, அதன் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல், குறைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்த அளவில் தொடங்கி, குழந்தை பழகப் பழகச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போகலாம். மெதுவாக எரியும் வேறு வெடிமருந்துகளை இப்படித் தன்னிச்சையாகக் குறைப்பது ஆபத்தானது. கையேட்டில் இல்லாததைச் செய்யவே கூடாது.

நிரப்பும் வசதி இல்லையென்றால் 7 மி.மீ.-08இல் 120 கிரெயின் பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் போன்ற முழுச் செம்புக் குண்டைப் பாருங்கள். எடை குறைவு என்பதால் உதையும் குறைகிறது. ஆனால் செம்பு சிதறாமல் தன் எடையைக் காத்துக்கொள்வதால் ஊடுருவல் குறைவதில்லை. இறைச்சியில் ஈயத் துகள் சேராது என்பதையும் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த இறைச்சியைச் சாப்பிடப்போவதும் அதே குழந்தைதான். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று ஆகிவிட்டது. கொலராடோவில் அப்படிக் கட்டாயம் இல்லை, தேர்வு உங்களுடையது.

பனிப்பாதை எழுதியது:

120 கிரெயின் செம்புக் குண்டு என்றால் நானும் 7 மி.மீ.-08க்கு இணங்குகிறேன். என் கவலை உதையைப் பற்றி மட்டுமே இருந்தது. அது இதில் பெருமளவு தீர்கிறது.

வேட்டை நாளைப் பற்றி இரண்டு வார்த்தை. பெண் எல்க் தனியாக நிற்பது அரிது, கூட்டமாகத்தான் வரும். நல்ல குண்டு மறுபக்கம் வெளியேறிப் பின்னால் நிற்கும் இன்னொரு விலங்கையும் துளைத்துவிடும். உங்களிடம் இருப்பதோ ஒரே உரிமம். ஆகவே அவள் குறிபார்க்கும்போது நீங்கள் பைனாகுலரில் பின்புறத்தைப் பார்த்து, "இப்போது சுடலாம்" என்று சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். 16 வயதுக்குட்பட்டவர்களோடு வரும் வழிகாட்டி, கருவி ஏதுமின்றி அவர்களைப் பார்க்கவும் கேட்கவும் கூடிய தூரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. தோளோடு தோள் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

சுட்டபின் எல்க் அடி வாங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் கூட்டத்தோடு நடந்து போகலாம். அதைப் பார்த்துக் குழந்தை தவறவிட்டதாக நினைத்து உடைந்துபோவாள். "இப்படித்தான் இருக்கும், மறுதோட்டாவை ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இரு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விலங்கு நின்றிருந்த இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு, சிறிது நேரம் கழித்துத்தான் போக வேண்டும்.

ஆஸ்பென்தோப்பு எழுதியது:

முடிவெடுத்துவிட்டேன். 7 மி.மீ.-08, கட்டையின் நீளத்தை மாற்றக்கூடிய ரைஃபிள், ஸ்கோப்போடு 7.5 பவுண்டுக்குக் குறையாமல். கோடை முழுவதும் .22உம், உதை குறைந்த தோட்டாவும். செப்டம்பரில் 120 கிரெயின் செம்புக் குண்டு. தூர எல்லை 200 கஜம். அதற்கு மேல் எவ்வளவு நல்ல விலங்கு நின்றாலும் சுடுவதில்லை என்று அவளிடமும் பேசிவிட்டேன். வெற்றுத் தோட்டாச் சோதனையில் முனை குதித்தால் .243க்கு இறங்கி, எல்லையை 150 கஜமாகக் குறைத்துக்கொள்கிறேன். ஸ்கோப்பை எந்தத் தூரத்துக்கு நேராக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மேற்குச்சரிவு எழுதியது:

நல்ல முடிவு, தம்பி. 100 கஜத்தில் குண்டு மையத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே படும்படி நேராக்குங்கள். 200 கஜத்தில் மையத்திலேயே வந்து நிற்கும். அந்த எல்லைக்குள் அவள் மேலும் கீழும் கணக்குப் போட வேண்டியதில்லை. நெஞ்சின் நடுவில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து அழுத்தினால் போதும். பயிற்சித் தோட்டாவும் வேட்டைத் தோட்டாவும் ஒரே இடத்தில் படாது. ஆகையால் செப்டம்பரில் மாற்றியதும் மறுபடி நேராக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

மேசையில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுடுவது நேராக்கும் அளவுக்கு மட்டும் போதும். அந்த வேலையையும் நீங்களே செய்யுங்கள், ஏனென்றால் மேசையில் உட்கார்ந்து சுடும்போதுதான் உதை மிகக் கடுமையாகத் தெரியும். அவள் தரையில் உட்கார்ந்து, ஊன்றுகோலில் ரைஃபிளைச் சாய்த்துப் பழகட்டும். முகாமுக்கு வந்து சேர்ந்ததும், வண்டியின் குலுக்கலில் ஸ்கோப் அசைந்திருக்கிறதா என்று பார்க்க நீங்கள் ஒரு தோட்டாவும், அவள் ஒரு தோட்டாவும் சுட்டுப் பாருங்கள்.

மீக்கருக்குக் கிழக்கே மேலே போகும் சாலையில் அக்டோபர் நடுவிலேயே பனி விழலாம். அவள் கோட்டுப் போட்டிருக்கும்போது கட்டையின் நீளம் கூடியதுபோல் இருக்கும்; அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே இன்னொரு முறை அளவெடுங்கள், தேவைப்பட்டால் ஒரு துண்டைக் கழற்றிவிடுங்கள்.